கார்டினல்ஸ் அமைப்பில் மூன்றாம் பேஸுக்கு ஆள் இருக்கிறதா?

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் கிளப்பின் அமைப்பில், மேஜர் லீக் அணி தொடங்கி அடிமட்ட மைனர் அணி வரை, மூன்றாம் பேஸில் (பேட்டருக்கு இடப்புறம் உள்ள பேஸைக் காக்கும் ஃபீல்டிங் இடத்தில்) ஆடக்கூடியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அந்தக் கையிருப்பு உண்மையிலேயே வலுவானதா, வலுவானதென்றால் 2021-இல் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் நோலன் அரெனாடோவை அவ்வளவு பெரிய சம்பளத்தோடு வெளியிலிருந்து ஏன் கொண்டுவந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்களை எண்ணினால் கார்டினல்ஸுக்கு இந்த இடத்தில் ஆள் பஞ்சம் என்று எந்த ஆண்டிலும் சொல்ல முடியாது. ஆனால் பட்டியலில் மூன்றாம் பேஸ் என்று குறிக்கப்பட்டிருக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் மேஜர் லீகுக்கு வந்து சேரும்போது மைதானத்தின் வேறோர் இடத்தில் நிற்பார்கள், அல்லது வேறு கிளப்பின் சட்டையை அணிந்திருப்பார்கள். ஆகவே இந்த இடத்தின் கையிருப்பைத் தலைக்கணக்கால் அளந்தால் விடை பெரும்பாலும் பிழையாகவே வரும். அரெனாடோவை வாங்கியதற்கான காரணமும் அங்கேதான் இருக்கிறது.

அமைப்பின் படிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உச்சியில் 26 பேர் கொண்ட மேஜர் லீக் அணி. அதற்குக் கீழே டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸில் ட்ரிபிள்-ஏ அணி, மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் டபுள்-ஏ அணி, இல்லினாயின் பியோரியாவில் ஹை-ஏ அணி, ஃபுளோரிடாவின் ஜூப்பிடரில் பாம் பீச் என்ற பெயரில் சிங்கிள்-ஏ அணி. இவற்றுக்கும் கீழே அதே ஜூப்பிடரில் பயிற்சி வளாக அணியும் டொமினிகன் குடியரசில் பதின்வயதினர் அணியும் உண்டு. ஒவ்வோர் அணியிலும் மூன்றாம் பேஸில் தினமும் ஒருவர் நின்றாக வேண்டும் என்பதால், எந்த நேரத்திலும் குறைந்தது ஏழு பேராவது அந்தப் பெயரோடு இருப்பார்கள். இவர்களில் 40 பேர் கொண்ட பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருப்பவர்களைத்தான் எளிதாக மேலே அழைக்க முடியும். மற்றவரை அழைக்க வேண்டுமானால் அந்தப் பட்டியலில் இடம் உண்டாக்க வேண்டும், அதற்காகப் பல சமயம் வேறொருவரை இழக்கவும் நேரிடும். இன்றிரவு மேஜர் லீக் ஆட்டக்காரருக்குத் தொடையில் தசைப்பிடிப்பு வந்தால் நாளை யார் நிற்பார் என்பது ஒரு கணக்கு. மூன்று ஆண்டுகள் கழித்து அந்த இடம் யாருக்கு என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

மூன்றாம் பேஸ் கேட்கும் திறமைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. வலக்கை பேட்டர் முழு வலுவோடு இழுத்து அடிக்கும் பந்து மற்ற இன்ஃபீல்டர்களைவிட (பேஸ்களுக்கு அருகே நிற்பவர்களைவிட) இவரிடம்தான் மிக வேகமாக வந்து சேரும். அதை எடுத்து முதல் பேஸுக்கு எறிய வேண்டிய தூரம் 127 அடிக்குச் சற்று மேல். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குச் சொல்வதானால், பாயிண்டில் நிற்பவரின் கையும் எல்லைக்கோட்டிலிருந்து நேராக ஸ்டம்புக்கு எறிபவரின் தோளும் ஒரே ஆளிடம் வேண்டும். இதைவிடக் கடினமானது மெதுவாக உருண்டு வரும் பந்து. அதற்காகக் காத்து நின்றால் ரன்னர் முதல் பேஸைக் கடந்துவிடுவார். ஓடிவந்து, குனிந்தபடியே, கையுறை இல்லாத வலக்கையால் புல்லிலிருந்து பந்தைப் பிடுங்கி, நிமிர நேரமில்லாமல், கால் சரியாக ஊன்றாத நிலையிலேயே உடலுக்குக் குறுக்காக எறிய வேண்டும். அரெனாடோவின் புகழ் பெரும்பாலும் இந்த ஒரு வகை ஆட்டத்தால் வந்தது. அவர் 2013 முதல் 2022 வரை, தமது முதல் பத்துப் பருவங்களிலும், சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு க்ளவ் விருதைப் பெற்றார். அத்தனையும் செய்துவிட்டு, ஆண்டுக்கு 25 ஹோம் ரன்களாவது (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடிகள்) அடிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் இந்த இடம் சுமக்கிறது.

இதனால் இளம் ஆட்டக்காரர்கள் இந்த இடத்தின் வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் சிறந்த விளையாட்டுத் திறன் உள்ளவர் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையிலுள்ள ஷார்ட்ஸ்டாப்பில் நிற்பார். அரெனாடோவே பள்ளி நாட்களில் ஷார்ட்ஸ்டாப்தான். உடல் பருத்து, பக்கவாட்டு வேகம் குறைந்தால் அவர் மூன்றாம் பேஸுக்கு நகர்த்தப்படுவார். அங்கும் கை போதவில்லையென்றால் முதல் பேஸுக்கோ, பேஸ்களுக்கு அப்பால் உள்ள அவுட்ஃபீல்டின் ஓரத்துக்கோ போவார். 19 வயதில் மூன்றாம் பேஸில் நிற்கும் பெரும்பாலான இளைஞர்கள் இந்தப் பயணத்தின் நடுவில் இருப்பவர்கள்தாம். அவர்களைக் கையிருப்பு என்று எண்ணுவதற்கு முன், இவர் 24 வயதிலும் இங்கே நிற்பாரா என்று கேட்டாக வேண்டும்.

இப்போது 2018-க்குப் போகலாம். அந்த ஆண்டு கார்டினல்ஸ் அமைப்பைப் பார்த்தவர் எவரும் மூன்றாம் பேஸைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார். கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில், 19-ஆவது தேர்வாக, ஃபீனிக்ஸ் நகரத்துப் பள்ளி மாணவரும் அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஹோம் ரன் வலு கொண்டவர்களில் ஒருவருமான நோலன் கோர்மன் வந்தார். பியோரியாவில் எலெஹுரிஸ் மொண்டெரோ மிட்வெஸ்ட் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றுகொண்டிருந்தார். டொமினிகன் கோடைக்கால லீகில் கியூபா இளைஞர் மால்கம் நுன்யெஸ் .415 சராசரியோடு (பத்து வாய்ப்புக்கு நான்குக்கும் மேல் ஹிட்) அங்கிருந்த பந்துவீச்சைச் சூறையாடினார். மெம்ஃபிஸிலிருந்து பேட்ரிக் விஸ்டம் மேலே வந்து முதல் மேஜர் லீக் ஆட்டங்களை ஆடினார். உச்சியில் மேட் கார்ப்பென்டரும் ஜெட் ஜியோர்கோவும் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 டிராஃப்டின் 21-ஆவது தேர்வாக ஜோர்ஜியா மாநிலத்துப் பள்ளி மாணவர் ஜோர்டன் வாக்கரும் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரராகவே சேர்ந்தார். காகிதத்தில் இதைவிட ஆழமான வரிசை அந்தக் காலத்தில் வேறெங்கும் அதிகம் இருந்திருக்காது.

ஆனால் மேஜர் லீக் அணியின் நிலைமை அந்த வரிசையோடு பொருந்தவில்லை. 2019 ஏப்ரலில் கார்டினல்ஸ் கார்ப்பென்டரின் ஒப்பந்தத்தை நீட்டித்த அதே பருவத்தில் அவருடைய பேட்டிங் சரிந்தது. கோர்மனோ நுன்யெஸோ அந்த இடத்தை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். விஸ்டம் 2018 டிசம்பரிலேயே டெக்ஸஸுக்கு அனுப்பப்பட்டிருந்தார். பின்னாளில் 2021-இல், வேண்டுமென்றே செய்தது போல, பரம எதிரியான சிகாகோ கப்ஸ் அணிக்காக அவர் 28 ஹோம் ரன்கள் அடித்தார். கடைசியில் 2019-இல் மூன்றாம் பேஸைத் தாங்கியவர்களில் முக்கியமானவர் எந்த மூன்றாம் பேஸ் பட்டியலிலும் இல்லாத டாமி எட்மன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஆறாம் சுற்றில் ஷார்ட்ஸ்டாப்பாக எடுக்கப்பட்ட அவர், ஜூன் மாதம் பல இடங்களில் ஆடும் மாற்றாளாக மேலே வந்து, அந்தப் பருவத்தில் வேறெந்த இடத்தையும்விட மூன்றாம் பேஸில்தான் அதிகம் நின்றார். நல்ல ஆட்டக்காரர், ஆனால் அவருடைய இயல்பான இடம் அதுவன்று. 2021-இல் இரண்டாம் பேஸுக்கான கோல்டு க்ளவ் அவருக்குக் கிடைத்தது அதை உறுதிப்படுத்தியது.

2021 பிப்ரவரியில் கொலராடோ ராக்கீஸ் அரெனாடோவை விட்டுக்கொடுக்கத் தயாரானபோது, கார்டினல்ஸ் தயங்காததற்கு இதுவே பின்னணி. அவருடைய 8 ஆண்டு, 26 கோடி டாலர் ஒப்பந்தத்தின் சுமையைக் குறைக்க ராக்கீஸே ஏறத்தாழ 5 கோடி டாலர் கொடுத்தது. ஈடாகக் கார்டினல்ஸ் கொடுத்த ஐந்து பேரில் மேஜர் லீக் அனுபவம் உள்ளவர் பிட்ச்சர் (பந்துவீச்சாளர்) ஆஸ்டின் கோம்பர் ஒருவர்தான். மற்ற நால்வரில் மொண்டெரோவும் ஒருவர். அதாவது மூன்றாம் பேஸ் கையிருப்பின் ஒரு பகுதியைக் கொடுத்தே மூன்றாம் பேஸின் மிகச் சிறந்த ஆட்டக்காரரை வாங்கினார்கள். கொலராடோவில் மொண்டெரோ நாளடைவில் பெரும்பாலும் முதல் பேஸில்தான் ஆடினார் என்பதையும் கவனிக்க வேண்டும். 2018-இல் அவரை வருங்கால மூன்றாம் பேஸ் ஆட்டக்காரராக எண்ணியவர்கள் பேட்டைப் பார்த்து எண்ணினார்கள், கையைப் பார்க்கவில்லை.

கார்டினல்ஸ் இதைச் செய்தது அது முதல் முறையுமன்று. 2008 டிராஃப்டில் 13-ஆவது தேர்வாக எடுத்த பிரெட் வாலஸ் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் என்றே பதிவானவர். அடுத்த ஆண்டு ஜூலையில் மேட் ஹாலிடேயைப் பெறுவதற்காக ஓக்லாந்துக்கு அனுப்பப்பட்டு, பிறகு டொராண்டோ வழியாக ஹூஸ்டன் போய், அங்கே முதல் பேஸில் நின்றார். 2010-இன் முதல் சுற்றுத் தேர்வான ஸாக் காக்ஸ், 2012-இல் பிட்ச்சர் எட்வர்ட் முஹிகாவுக்காக மயாமிக்குக் கொடுக்கப்பட்டார். மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. நுன்யெஸ் 2022 ஆகஸ்டில் ஹோசே கிந்தானாவைப் பெறும் பரிமாற்றத்தில் பிட்ஸ்பர்குக்குப் போனார். ஹாலிடே 2011 உலகத் தொடர் (மேஜர் லீகின் இறுதித் தொடர்) வெற்றிக்குத் தூணாக இருந்தார், முஹிகா 2013-இல் நீண்ட காலம் ஆட்டங்களை முடித்துவைக்கும் பிட்ச்சராக இருந்தார், கிந்தானா 2022-இல் கோட்டப் பட்டம் (லீகின் ஒரு பிரிவில் முதலிடம்) வெல்ல உதவினார். மைனர் லீகில் நன்றாக அடிக்கும் ஒரு மூன்றாம் பேஸ் இளைஞரின் சந்தை மதிப்பு, அவர் அந்த இடத்தில் தங்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும் நாளுக்கு முன்புதான் உச்சத்தில் இருக்கும். அந்த நாளைச் சரியாகக் கணித்து விற்பதில் கார்டினல்ஸ் நிர்வாகம் கெட்டிக்காரத்தனம் காட்டியது என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, அந்த இடத்தை உண்மையில் நிரப்பியவர்கள் எவர் கண்ணிலும் படாமல் வந்தார்கள். 2009-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பருவத்துக்கு முன் மூன்று பெயர்கள் இருந்தன: அனுபவசாலி ட்ராய் க்ளாஸ், மெம்ஃபிஸில் தயாராகிவிட்ட டேவிட் ஃப்ரீஸ், பின்னால் வந்துகொண்டிருந்த வாலஸ். க்ளாஸ் தோள்பட்டை அறுவைச் சிகிச்சைக்குப் போனார். ஃப்ரீஸைக் கணுக்கால் படுத்தியது. வாலஸ் இன்னும் பக்குவப்படவில்லை. ஜோ தர்ஸ்டன் போன்ற பல இட ஆட்டக்காரர்களைக் கொண்டு சில மாதங்கள் சமாளித்துவிட்டு, ஜூன் கடைசியில் க்ளீவ்லாந்திடமிருந்து மார்க் டிரோசாவை விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. மூன்று ஆள் ஆழம் மூன்றே மாதத்தில் வற்றிப்போனது. அதே ஃப்ரீஸ், சான் டியேகோ ஒன்பதாம் சுற்றில் எடுத்து, வயதான ஜிம் எட்மண்ட்ஸுக்கு ஈடாக 2007 டிசம்பரில் அனுப்பிவைத்தவர். 2011 அக்டோபர் 27 அன்று, உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், ஒன்பதாம் இன்னிங்ஸில் இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக், 7-5 என்று பின்தங்கிய நிலையில் வலது அவுட்ஃபீல்டரின் தலைக்கு மேல் பந்தை அடித்து ஆட்டத்தைச் சமன் செய்து, 11-ஆம் இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து முடித்தார். அவர் செயின்ட் லூயிஸ் பக்கத்திலேயே வளர்ந்தவர் என்பதால் அந்த ஊரில் இன்றும் அவர் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

கார்ப்பென்டரின் கதையும் அப்படிப்பட்டதே. 2009-இல் 13-ஆம் சுற்றில், வெறும் ஆயிரம் டாலர் முன்பணத்தில் சேர்ந்தவர் அவர். மூன்றாம் பேஸில் ஃப்ரீஸ் இருந்ததால் 2013-இல் இரண்டாம் பேஸைக் கற்றுக்கொண்டு, அந்த ஆண்டே 55 டபுள்களோடு (இரண்டாம் பேஸ் வரை கொண்டுசேர்க்கும் அடிகளோடு) லீகில் முதலிடம் பிடித்தார். பருவம் முடிந்ததும் ஃப்ரீஸை லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பிவிட்டு, கோல்டன் வோங்கிடம் இரண்டாம் பேஸைக் கொடுத்து, கார்ப்பென்டரை மூன்றாம் பேஸுக்குத் திருப்பினார்கள். இன்னும் பின்னோக்கிப் போனால் ஆல்பர்ட் புஹோல்ஸ் இருக்கிறார். அவரும் 13-ஆம் சுற்றுத் தேர்வு, 2000-இல் பியோரியாவில் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர். மறுவருடம் மேஜர் லீகில் மூன்றாம் பேஸ், முதல் பேஸ், அவுட்ஃபீல்டின் இரு ஓரங்கள் என நான்கு இடங்களில் ஆடி 37 ஹோம் ரன்கள் அடித்தார். அப்படிப்பட்டவர் கையில் இருந்தும், 2002 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஸ்காட் ரோலனைக் கொண்டுவந்து மூன்றாம் பேஸில் நிறுத்தினார்கள். 2021-இல் நடந்தது 2002-இன் மறுபதிப்பு என்றே சொல்லலாம்: நன்றாக அடிப்பவர்கள் வீட்டில் இருந்தார்கள், நன்றாகப் பிடிப்பவரை வெளியிலிருந்து அழைத்துவந்தார்கள்.

அரெனாடோ வந்த பிறகு எஞ்சியிருந்த கோர்மனும் வாக்கரும் என்ன ஆனார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு உறுத்தும் பகுதி. கோர்மன் 2021-இல் ஸ்பிரிங்ஃபீல்டிலும் மெம்ஃபிஸிலும் இரண்டாம் பேஸைக் கற்றுக்கொண்டு, 2022 மே மாதம் மேஜர் லீகுக்கு வந்தார். 2022-இல் அரெனாடோ 30 ஹோம் ரன்கள் அடித்து, தமது பேட்டிங்கால் அணிக்கு 103 ரன்கள் சேர்த்து, சிறந்த ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பெற்றார். அந்தப் பருவம் முடிந்ததும் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை அவருக்கு இருந்தது. ஆனால் அவருடைய முடிவுக்குக் காத்திராமல் ஆகஸ்டிலேயே வாக்கரை ஸ்பிரிங்ஃபீல்டில் அவுட்ஃபீல்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆறரை அடி உயரமுள்ளவர் மூன்றாம் பேஸில் நீண்ட காலம் நிற்பது அரிது என்பதால் அந்த முடிவில் நியாயம் உண்டு. வேகம்தான் அளவுக்கு மீறியது. அவுட்ஃபீல்டில் முழு ஒரு பருவமும் ஆடாத, ட்ரிபிள்-ஏ பார்க்காத 20 வயது இளைஞரை 2023-இன் முதல் நாளிலேயே மேஜர் லீகில் நிறுத்தினார்கள். முதல் 12 ஆட்டங்களிலும் தொடர்ந்து ஹிட் அடித்தவர், ஏப்ரல் முடியுமுன் மெம்ஃபிஸுக்கு அனுப்பப்பட்டார். உயரப் பந்துகளின் கீழ் அவர் தடுமாறியதை அந்த ஆண்டு பார்த்த எவரும் மறந்திருக்க முடியாது. கோர்மன் 2023-இல் 27 ஹோம் ரன்கள் அடித்துவிட்டு, 2024-இல் வந்த பேட்டிங் வாய்ப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஸ்ட்ரைக்-அவுட் ஆகி (மூன்று ஸ்ட்ரைக்குகளில் அவுட்டாகி), ஆகஸ்டில் கீழே அனுப்பப்பட்டார். இடமாற்றம்தான் அவர்களுடைய பேட்டிங்கைக் கெடுத்தது என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் புதிய இடத்தைக் கற்கும் சுமையும் மேஜர் லீக் பந்துவீச்சைச் சந்திக்கும் சுமையும் ஒரே நேரத்தில் ஏற்றப்பட்டன என்பது உண்மை. கையிருப்பு அதிகம் இருப்பதற்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

அந்த ஆண்டுகளில் அன்றாட அவசரத்தைச் சமாளித்தவர்கள் பிரெண்டன் டோனவன் போன்றவர்கள். 2018-இன் ஏழாம் சுற்றுத் தேர்வான அவர், பல இடங்களில் ஆடுவோருக்கென்று 2022-இல் முதன்முறையாக வழங்கப்பட்ட கோல்டு க்ளவ் விருதைத் தேசிய லீகில் (மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றில்) வென்றார். அரெனாடோவுக்கு ஓய்வு தேவைப்பட்டபோது மேலே அழைக்கப்பட வேண்டிய தேவை எந்த மைனர் லீக் நட்சத்திரத்துக்கும் வரவில்லை, ஏனெனில் டோனவனும் எட்மனும் ஏற்கெனவே பெஞ்சிலோ பக்கத்து இடத்திலோ இருந்தார்கள்.

கடைசியாக, தற்போதைய நிலை. 2024 டிசம்பரில் ஹூஸ்டனுக்குப் போக அரெனாடோ மறுத்தார். பரிமாற்றத்தைத் தடுக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருந்தது. 2025-இல் தோள்பட்டைக் காயத்தோடு 107 ஆட்டங்கள் மட்டுமே ஆடி, .237 சராசரியோடு பருவத்தை முடித்தார். 2026 ஜனவரியில், எஞ்சிய சம்பளத்தின் பெரும்பகுதியைக் கார்டினல்ஸே ஏற்றுக்கொண்டு, ஓர் இளம் பிட்ச்சருக்கு ஈடாக அவரை அரிசோனா டைமண்ட்பேக்ஸுக்கு அனுப்பியது. 2025-இல் காயத்தால் அவர் இல்லாத வாரங்களில் கோர்மன் பழைய இடத்துக்குத் திரும்பினார். கூடவே, 2023-இல் ஜோர்டன் மாண்ட்கோமரிக்கு ஈடாக டெக்ஸஸிலிருந்து வந்த தாமஸ் சஜேசியும் அங்கே ஆடினார். டபுள்-ஏ படியைச் சேர்ந்த டெக்ஸஸ் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர் அவர், ஆனால் இரண்டாம் பேஸ், ஷார்ட்ஸ்டாப், மூன்றாம் பேஸ் மூன்றிலும் மாறி மாறி நிற்பவர். மெம்ஃபிஸில் 2025 ஜூலையில் பாஸ்டனிடமிருந்து ஸ்டீவன் மேட்ஸுக்கு ஈடாகப் பெற்ற பிளேஸ் ஜோர்டன் இருந்தார். அவரையும் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் என்றுதான் எழுதுகிறார்கள். வாலஸையும் மொண்டெரோவையும் பார்த்தவர்கள் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் முதல் பேஸ் என்று பென்சிலால் குறித்துக்கொள்வார்கள்.

2024-இன் ஏழாவது தேர்வான ஜே.ஜே. வெதர்ஹோல்ட்தான் இவர்கள் எல்லோரிலும் சிறந்த பேட்டர். அவர் ஷார்ட்ஸ்டாப்பாக வந்தவர், ஆனால் அங்கே 2025-இன் கோல்டு க்ளவ் பெற்ற மேசன் வின் நிற்கிறார். ஆகவே வெதர்ஹோல்ட்டின் எதிர்காலம் இரண்டாம் பேஸிலோ மூன்றாம் பேஸிலோதான் இருக்க முடியும். என் தேர்வு, அவரை இரண்டாம் பேஸில் அசைக்காமல் வைத்துவிட்டு, மூன்றாம் பேஸில் கோர்மனுக்கு இடம் மாற்றாமல் முழு ஒரு பருவம் கொடுத்துப் பார்ப்பது. ஸ்ட்ரைக்-அவுட்டுகள் குறையாவிட்டால் சஜேசி இருக்கிறார். அவரும் அந்த இடத்துக்குரிய ஹோம் ரன் வலுவைக் காட்டாவிட்டால், கீழ்ப் படிகளில் இன்று மூன்றாம் பேஸில் நிற்பவர்களைவிட ஷார்ட்ஸ்டாப்பில் நிற்கும் பெரிய உடம்புக்காரர்கள் யார் என்று பார்ப்பதே பயனுள்ளது.